சாப்பாட்டு மேசையில் வசந்தம்: சென்டர்பீஸ் வைக்கத் தொடங்குவோருக்கு

சாப்பாட்டு மேசையின் நடுவில் வைக்கும் அலங்காரத்தைத்தான் சென்டர்பீஸ் என்கிறார்கள். அது பூச்சாடியாக இருக்கலாம், மெழுகுவத்திகள் வைத்த தட்டாக இருக்கலாம், ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழமாகவும் இருக்கலாம். விலையுயர்ந்த ஜாடியோ கடையில் கட்டித்தரும் பெரிய பூங்கொத்தோ வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அதைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடப் போகிறார்கள். வரவேற்பறைப் பூவை வருகிறவர்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மேசைப் பூவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அதைத் தாண்டிக் கை நீட்டி ரசக் கரண்டியை எடுப்பார்கள். அதற்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசுவார்கள். அழகு, நிறம் எல்லாம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

இங்கே நான் வசந்தம் என்று சொல்வது குளிர்நாடுகளின் வசந்தத்தை. மார்ச் 20 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் நாள் வரும். அதிலிருந்து மே மாதம் முடியும் வரையிலான காலம். லண்டனிலும் டொராண்டோவிலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் இருக்கும் தமிழ் வீடுகளுக்கு இந்தக் காலத்தின் அருமை நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் மொட்டை மரங்களையே பார்த்துக் களைத்துப்போன கண்ணுக்கு முதல் மஞ்சள் பூ தரும் சந்தோஷம் தனி. அந்தச் சந்தோஷத்தை மேசைக்குக் கொண்டுவருவதுதான் வேலை. தமிழ்நாட்டு இளவேனிலுக்குக் கடைசியில் வருகிறேன்.

நடு இடம் எப்படிக் காலியானது

முதலில் கொஞ்சம் வரலாறு. நம் வீடுகளில் சென்டர்பீஸ் ஏன் சரியாக உட்காருவதில்லை என்பதற்கு அதில் பதில் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பிரபுக்களின் வீடுகளில் ஒரு சுற்றுக்கான பதார்த்தங்களை எல்லாம் ஒரே நேரத்தில் மேசை மேல் பரப்பிவிடுவார்கள். இதைப் பிரெஞ்சு முறை என்பார்கள். மேசை முழுக்கப் பாத்திரங்கள். நடுவில் அலங்காரம் என்று இருந்தால், கிளை கிளையாகப் பிரிந்து சின்னக் கூடைகளைத் தாங்கும் வெள்ளிச் சாமான் இருக்கும். அதிலும் பழமோ இனிப்போதான் வைப்பார்கள். அரச விருந்துகளில் சர்க்கரையால் செய்த சிற்பங்களை வைத்தார்கள். பிற்பாடு ஜெர்மனியின் மைசென் பீங்கான் பொம்மைகள் அந்த இடத்துக்கு வந்தன.

19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறை பரவியது. பக்க மேசையிலிருந்து ஒவ்வொரு பதார்த்தமாக எடுத்துவந்து ஒவ்வொருவருக்கும் பரிமாறும் வழக்கம் அது. பாத்திரங்கள் மேசையை விட்டுப் போனதும் நடுவில் பெரிய வெற்றிடம் உண்டானது. பூக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இன்று நாம் பத்திரிகைப் படங்களில் பார்க்கும் பெரிய பெரிய சென்டர்பீஸ் எல்லாம் அந்த வெற்றிடத்துக்காகப் பிறந்தவைதான்.

நம் வீட்டு மேசையோ இன்னமும் பழைய வகை. சோறு, சாம்பார், ரசம், பொரியல், அப்பளத் தட்டு, தயிர், ஊறுகாய் எல்லாம் நடுவில்தான் இருக்கும். யாருக்கு எது வேண்டுமோ அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார். இது நல்ல வழக்கம். ஒரு பூச்சாடிக்காக இதை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. ஆனால் படத்தில் பார்த்த அலங்காரத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தால், சாம்பார் வந்த மறு நிமிடமே அது ஃபிரிட்ஜ் மேலே ஏறிவிடும். அதனால் நம் மேசைக்கு வேறு மூன்று வழிகள் பொருந்தும். ஒன்று, பெரிய ஜாடிக்குப் பதிலாக மூன்று நான்கு சின்னப் பாட்டில்களில் ஒவ்வொரு பூவாக வைத்துப் பாத்திரங்களுக்கு இடையே விட்டுவிடுவது. இரண்டு, எல்லாவற்றையும் ஒரே தட்டில் அமைத்து, சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு தூக்கி ஓரமாக வைப்பது. மூன்று, மேசையின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருந்தால் அலங்காரத்தை அந்தப் பக்கமே வைத்துவிடுவது. பெயரில் 'சென்டர்' இருக்கிறதே என்று நடுவிலேயே வைத்துக் கஷ்டப்பட வேண்டாம். எனக்கு முதல் வழிதான் மிகவும் பிடிக்கும். செலவும் அதில்தான் குறைவு.

அளவு

ஒருவர் வசதியாக உட்கார்ந்து சாப்பிட மேசை ஓரத்தில் சுமார் 60 செ.மீ. நீளமும், தட்டு, டம்ளருக்கு உள்பக்கமாக 35 செ.மீ. அளவு இடமும் வேண்டும். வீட்டு மேசைகள் பெரும்பாலும் 75 முதல் 90 செ.மீ. அகலம் இருக்கும். 90 செ.மீ. மேசையில் இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்தால் நடுவில் மிஞ்சுவது 20 செ.மீ. மட்டுமே. அதிலேதான் பாத்திரமும் பூவும். ஒரு தடவை டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டால், கடையில் அகலமான ஜாடியைக் கண்டு மயங்க மாட்டோம்.

உயரத்துக்கு டேப் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை நேராக நிமிர்த்துங்கள். மணிக்கட்டுக்கு மேலே பூ போகாமல் இருந்தால் நல்லது. கணக்காகச் சொன்னால் ஜாடியும் சேர்த்து 30 செ.மீ.க்குள். அதற்கு மேல் போனால் எதிரில் இருப்பவரின் முகம் மறையும். பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உயரமாகத்தான் வேண்டும் என்றால், கண் மட்டத்தில் மெல்லிய தண்டோ கிளையோ மட்டும் இருந்து, அடர்த்தி எல்லாம் அதற்கு மேலே போகும்படி அமைக்க வேண்டும். பூத்த கிளைகள் இதற்குத் தோதானவை. அவற்றினூடே முகம் தெரியும்.

இன்னொன்று. மேசையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆட்கள் இருப்பார்கள். எனவே முதுகுப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் அமைக்க வேண்டும். நின்றுகொண்டே அடுக்கிவிட்டு விடாமல், ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். நிற்கும்போது அழகாகத் தெரிந்தது, உட்கார்ந்தால் வெறும் தண்டும் இலையுமாகத் தெரிவது உண்டு.

துலிப், டாஃபடில், மற்றவை

வசந்தப் பூக்களில் பெரும்பாலானவை கிழங்கிலிருந்து வருபவை. துலிப், டாஃபடில், ஹயசின்த், மஸ்காரி, குரோக்கஸ் எல்லாம் அந்த இனம். தண்டு மென்மையாக, சாறு நிறைந்து இருக்கும். இவற்றை ஜாடி நிறையத் தண்ணீரில் அமுக்கி வைக்கக் கூடாது. 5 முதல் 8 செ.மீ. ஆழம் போதும். அதிகத் தண்ணீரில் தண்டு சீக்கிரம் அழுகிவிடும். ஆனால் துலிப் நிறையக் குடிக்கும் பூ. அதனால் தினமும் பார்த்துப் பார்த்து ஊற்ற வேண்டும்.

துலிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதியவர்கள் முதலில் வாங்குவதும் அதைத்தான், குழம்புவதும் அதில்தான். மத்திய ஆசிய மலைகளின் பூ. துருக்கி வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. கார்லஸ் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் 1593-இல் நெதர்லாந்தின் லைடன் நகரப் பல்கலைக்கழகத் தோட்டத்தில் நட்டார். அடுத்த ஆண்டு பூத்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துக் குயவர்கள் துலிப்பும் மற்ற பூக்களும் வைக்கப் பல வாய்கள் உள்ள நீல, வெள்ளை ஜாடிகளைச் செய்தார்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பூ. இங்கிலாந்தின் ராணி இரண்டாம் மேரி அவற்றை ஆசையாகச் சேகரித்தார். சின்னப் பாட்டில்களில் ஒவ்வொரு பூவாக வைக்கும் நம் வழிக்கு இவ்வளவு பழைய முன்னோடி இருப்பது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

துலிப்பின் குணம் என்னவென்றால், வெட்டிய பிறகும் அது வளரும். ஜாடியில் வைத்த பிறகு தண்டு சில சென்டிமீட்டர் நீண்டுவிடும். வெளிச்சம் வரும் பக்கம் வளையவும் செய்யும். காலையில் 28 செ.மீ. என்று அளந்து வைத்த துலிப் மூன்று நாளில் நம் அளவைத் தாண்டி, ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். இது கோளாறு இல்லை, அதன் இயல்பு. இரண்டு வழி உண்டு. குட்டையாக வெட்டி வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு முறை மறுபடி கொஞ்சம் வெட்டிவிடலாம். அல்லது அது வளையட்டும் என்று விட்டுவிடலாம். ஜாடியின் விளிம்பில் சாய்ந்து நாலாபக்கமும் வளைந்து விழும் துலிப், கடையில் விறைப்பாக நின்ற துலிப்பைவிட எனக்கு அழகாகத் தெரிகிறது. விருந்து நாளுக்கு நேராக நிற்க வேண்டுமானால், முந்தின நாள் தண்டுகளைச் சேர்த்துக் காகிதத்தால் இறுக்கமாகச் சுற்றி, இரண்டு மூன்று மணி நேரம் ஆழமான குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். நிமிர்ந்துவிடும்.

சூட்டில் துலிப் விரியும், குளிரில் மூடிக்கொள்ளும். ஹீட்டருக்குப் பக்கத்தில் மேசை இருந்தால் ஒரே நாளில் இதழ்கள் முழுக்க மலர்ந்து விழத் தயாராகிவிடும். ராத்திரி படுக்கப் போகும்போது ஜாடியைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றிவைத்தால் இரண்டு மூன்று நாள் கூடுதலாகத் தாங்கும். வாங்கும்போது மொட்டு மூடியிருக்க வேண்டும். ஆனால் நிறம் எட்டிப்பார்க்க ஆரம்பித்திருக்க வேண்டும். முழுப் பச்சையாக இருப்பது திறக்காமலேயே போகலாம்.

அடுத்து டாஃபடில். மலிவானது, பிரகாசமானது, வசந்தத்தை அதைப்போல் உரக்கச் சொல்லும் பூ வேறில்லை. ஆனால் அதை வெட்டிய இடத்தில் கொழகொழவென்று ஒரு சாறு வடியும். அதே தண்ணீரில் இருக்கும் மற்ற பூக்களை, குறிப்பாகத் துலிப்பை, அது வாட வைத்துவிடும். இரண்டையும் சேர்த்து வைக்க ஆசை என்றால், டாஃபடிலை முதலில் தனியாக ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் வைத்து, பிறகு தண்டை மறுபடி வெட்டாமல் அப்படியே எடுத்து மற்ற பூக்களோடு சேர்க்க வேண்டும். மறுபடி வெட்டினால் மறுபடி சாறு வரும். தனி ஜாடியில் வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. இந்தச் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பையும் உண்டாக்கும். கிழங்கும் நச்சு. வெங்காயத்தைப் போலவே இருக்கும் என்பதால் அதைச் சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது.

ஹயசின்த்துக்கு வாசனை அதிகம். வாசலில் வைத்தால் சொர்க்கம். சாப்பாட்டு மேசையில் வைத்தால் சோற்றைத் தாண்டி அதன் மணம்தான் மூக்கில் ஏறும். தாளித்த கடுகு, கறிவேப்பிலை மணத்தோடு அது சேராது. வாசனை மெழுகுவத்திக்கும் இதே பதில்தான். மேசைக்கு மணமில்லாத மெழுகுவத்தி, மணம் குறைந்த பூ.

ரனன்குலஸ், அனிமோன் இரண்டும் கொஞ்சம் விலை அதிகம், ஆனால் குட்டை ஜாடிக்கு அருமையானவை. மஸ்காரி என்ற சின்ன நீலப் பூவைப் பகல் விருந்துக்கு மட்டும் வையுங்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீலமும் ஊதாவும் மங்கிக் கறுத்துப்போகும். வெள்ளையும் வெளிர் மஞ்சளும்தான் ராத்திரியில் ஒளிரும்.

கிளைகள்

தொடங்குகிறவர்கள் அதிகம் கண்டுகொள்ளாதது கிளைகளை. என்னைக் கேட்டால் வசந்த மேசைக்கு முதல் இடம் இதற்குத்தான். பூக்கடைக்குப் போகவே வேண்டாம். தோட்டத்தில் மஞ்சளாகப் பூக்கும் ஃபோர்சிதியா புதர் ஒன்று இருந்தால் போதும்.

பிப்ரவரியில், வெளியே இன்னும் பனி இருக்கும்போது, மொட்டு பருத்திருக்கும் கிளைகளை வெட்டி உள்ளே கொண்டுவந்து தண்ணீரில் வைத்தால், வீட்டுச் சூட்டில் ஒன்று முதல் மூன்று வாரத்தில் பூத்துவிடும். வெளியே மரம் பூப்பதற்கு முன்பே மேசையில் பூ. இது எப்படி நடக்கிறது என்றால், இந்தச் செடிகளின் மொட்டுகள் முந்தின கோடையிலேயே உருவாகிவிடுகின்றன. குளிர்காலத்தில் உறங்குகின்றன. சில வாரங்கள் கடுங்குளிரில் இருந்த பிறகுதான் அந்த உறக்கம் கலையும். அதற்கப்புறம் அவை காத்திருப்பது வெதுவெதுப்புக்காக மட்டுமே. அதை நாம் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். குளிர் போதாத நிலையில் இலையுதிர்காலத்திலேயே வெட்டினால் பூக்காது.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் டிசம்பர் 4, புனித பார்பரா நாளில் செர்ரிக் கிளை வெட்டி வீட்டில் வைப்பார்கள். கிறிஸ்துமஸுக்குப் பூத்தால் வரும் ஆண்டு நல்லபடியாக இருக்கும் என்பது நம்பிக்கை. அதே மக்கள் ஈஸ்டருக்கு ஜாடியில் கிளைகள் வைத்து, உள்ளே இருப்பதை ஊதி எடுத்துவிட்ட வண்ண முட்டை ஓடுகளைத் தொங்கவிடுவார்கள். ஸ்வீடனில் பிர்ச் கிளைகளில் வண்ண இறகுகளைக் கட்டுவார்கள். போலந்திலும் உக்ரைனிலும் குருத்தோலை ஞாயிறுக்குத் தென்னங்குருத்தோ பேரீச்சை ஓலையோ கிடைக்காது என்பதால், பஞ்சு பஞ்சாக மொட்டு விடும் வில்லோ கிளையைக் கோயிலுக்கு எடுத்துப் போவார்கள். அந்த வில்லோ கிளை மேசைக்கும் மிக நல்லது. தண்ணீர் இல்லாமல் வைத்தால் அப்படியே காய்ந்து மாதக்கணக்கில் இருக்கும்.

கிளையை வெட்டும்போது சாய்வாக வெட்டி, அடியில் 2, 3 செ.மீ. நீளத்துக்கு ஒரு கீறல் போடுங்கள். தண்ணீர் ஏற உதவும். சுத்தியால் நசுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. நசுங்கிய இடத்தில் அழுகல் சீக்கிரம் வரும் என்பதால் நான் அதைச் சொல்ல மாட்டேன். பொது இடத்து மரங்களில் கை வைக்காதீர்கள். வசந்தத்துக்காக ஊரே காத்திருக்கும் செர்ரி மரத்தை ஒடிப்பது நல்லதில்லை, பல ஊர்களில் அதற்கு அபராதமும் உண்டு.

முளைகள்

பூவே இல்லாமலும் வசந்த மேசை அமைக்கலாம். மார்ச் 20 அல்லது 21-இல் வரும் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு ஈரானியர்கள் ஏழு பொருட்களை வைத்து ஒரு மேசை அலங்கரிப்பார்கள். பூண்டு, ஆப்பிள், வினிகர் என்று போகும் அந்த ஏழில் கண்ணைப் பறிப்பது முளைவிட்டு நிற்கும் கோதுமை அல்லது பருப்புத் தட்டு. ரிப்பன் கட்டி நடுவில் வைப்பார்கள். புத்தாண்டின் 13ஆம் நாள் வெளியே சென்று ஓடும் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். ஜெர்மனியில் ஈஸ்டருக்கும் இப்படிக் கோதுமைப் புல் வளர்த்து அதில் முட்டைகளை வைக்கும் வழக்கம் உண்டு.

முளைப்பாரி போட்டுப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாமும் முளைத்த தானியத்தைக் கடைசியில் ஆற்றிலோ குளத்திலோதான் கரைக்கிறோம். ஒரு கைப்பிடி கோதுமையை ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் கட்டிவையுங்கள். முளை எட்டிப்பார்த்ததும் ஆழமில்லாத தட்டில் ஈரப் பஞ்சு அல்லது கொஞ்சம் மண் பரப்பி அதன் மேல் நெருக்கமாகத் தூவ வேண்டும். தினமும் தண்ணீர் தெளித்து வெளிச்சத்தில் வைத்தால் பத்து நாள் அளவில் விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேல் என்று நிற்கும். தண்ணீர் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். குட்டையானது, மணமில்லாதது, தட்டோடு தூக்கி வைக்கலாம், விலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் செய்து பாருங்கள். தினமும் எவ்வளவு வளர்ந்தது என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

எதில் வைப்பது, எப்படி நிற்க வைப்பது

கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை என்ற ஆங்கிலேயப் பூக்கலைஞர் (1886–1960), இரண்டாம் எலிசபெத்தின் 1953 முடிசூட்டு விழாவுக்குப் பூ அலங்காரம் செய்தவர். பணக்காரர்கள் ரோஜாவையும் கார்னேஷனையும் தவிர வேறெதையும் மேசையில் வைக்காத காலத்தில், அவர் கேல் கீரையையும் வேலியோரச் செடிகளையும் கொண்டுவந்து வைத்தார். சூப் பாத்திரம், கேக் தட்டு என்று கையில் கிடைத்ததெல்லாம் அவருக்குப் பூச்சாடிதான். நம் அலமாரியிலும் இதற்குப் பஞ்சமில்லை. பித்தளைச் சொம்பு, எவர்சில்வர் டம்ளர், ஊறுகாய் தீர்ந்த பாட்டில், பழைய பீங்கான் ஜாடி, எல்லாம் நல்ல பாத்திரங்களே. பித்தளைச் சொம்பில் வெள்ளைத் துலிப் வைத்துப் பாருங்கள், சாதாரணக் கண்ணாடி ஜாடியில் வராத அழகு வரும்.

அகலமான கிண்ணத்தில் பூ சாய்ந்து விழும். அதற்குப் பலரும் வாங்குவது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பச்சை நிற ஃபோம். அமெரிக்காவில் 1954-இல் ஸ்மிதர்ஸ் என்பவர் தொடங்கிய நிறுவனம் ஒயாசிஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. வசதியானதுதான். ஆனால் அது ஒரு பிளாஸ்டிக். மக்காது, உதிர்ந்து துகளாகித் தண்ணீரில் கலக்கும். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடைசெய்துவிட்டது. அது இல்லாமலே வேலை நடக்கும். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையில் ஒரு துண்டை வெட்டிப் பந்தாகச் சுருட்டிக் கிண்ணத்துக்குள் வைத்தால், அதன் கண்களில் தண்டுகள் நிற்கும். ஜப்பானியர் பயன்படுத்தும் கென்சான் இன்னும் நல்லது. கனமான உலோகத் தட்டில் ஆணிமுனைகள் நெருக்கமாக நிற்கும். அதில் தண்டைக் குத்தி நிறுத்தலாம். ஒரு முறை வாங்கினால் ஆயுசுக்கும் வரும். அவசரத்துக்கு, கிண்ணத்தின் வாயில் ஒட்டும் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போல ஒட்டினாலும் போதும். இலைகள் டேப்பை மறைத்துவிடும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பூ சீக்கிரம் வாடக் காரணம் பெரும்பாலும் தண்ணீரில் வளரும் பாக்டீரியாதான். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிட வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும்.

ஒன்று மட்டும் பலருக்குத் தெரியாது. பழக்கூடையைப் பூவுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பழுக்கும் ஆப்பிளும் வாழையும் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிறோமே, அந்தப் புகையில் வேலை செய்வதும் இதே வாயுதான். காயைக் கனியாக்குவது பூவை உதிர வைக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு வகைகள் மிகக் குறைவாகவே விடும் என்பதால் அவற்றைத் துணிந்து பூவோடு சேர்க்கலாம். மஞ்சள் டாஃபடிலும் எலுமிச்சையும் ஒரே தட்டில் அழகாகப் பொருந்தும்.

நச்சுப் பூக்களைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பிரான்சில் மே 1 அன்று ஒருவருக்கொருவர் கொடுக்கும் மணிமணியான வெள்ளைப் பூ, லில்லி ஆஃப் த வேலி, பார்க்கச் சாதுவாக இருக்கும். அதன் எல்லாப் பாகங்களிலும் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு. அது நின்ற தண்ணீர்கூட ஆபத்து. உணவு மேசையில், அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில், வேண்டவே வேண்டாம். பூனை வளர்க்கிறவர்கள் ஈஸ்டர் லில்லி உட்பட எந்த உண்மையான லில்லியையும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். மகரந்தம் உடம்பில் பட்டு அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும்.

பூத்து முடிந்த பிறகு

வெட்டிய பூக்களை உரக்குழியில் போட்டுவிடலாம். தொட்டியில் கிழங்கோடு வாங்கிய டாஃபடிலையும் மஸ்காரியையும் தூக்கிப்போடாதீர்கள். வாடிய பூவை மட்டும் கிள்ளிவிட்டு, இலைகள் தாமாக மஞ்சளாகும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த இலைகள்தான் கிழங்குக்கு அடுத்த பூவுக்கான உணவைச் சேர்க்கின்றன. அப்புறம் தோட்டத்தில் நட்டால், அடுத்த வசந்தத்திலோ அதற்கடுத்ததிலோ மறுபடி பூக்கும். வெறும் தண்ணீரில் வைத்துப் பூக்கவைத்த ஹயசின்த் கிழங்கு மட்டும் தன் சக்தியை எல்லாம் செலவழித்துவிட்டிருக்கும். அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்க முடியாது.

தெற்கு அரைக்கோளத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் வசந்தம் செப்டம்பர் 1 முதல். அன்றுதான் அவர்களின் வாட்டில் பூ நாள். பஞ்சுருண்டை போன்ற அந்த மஞ்சள் பூ மிக அழகு, ஆனால் பொடியாக உதிரும். சோற்றுக்குப் பக்கத்தில் வைக்காமல் மேசை ஓரத்தில் வையுங்கள்.

தமிழ்நாட்டில் என்றால்

சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு துலிப் தேட வேண்டாம். குளிர்பெட்டியில் வந்த பூ ஏப்ரல் வெயிலில் ஒரு நாள்கூடத் தாங்காது. நம் இளவேனில் சித்திரையும் வைகாசியும். அதற்கென்று பூக்கள் இருக்கின்றன. சரக்கொன்றை கொத்துக் கொத்தாகத் தொங்கும், வேம்பு பூத்திருக்கும், மல்லிகை குவியும். கன்னியாகுமரி, நெல்லை, கொங்குப் பகுதி வீடுகளில் சித்திரை முதல் நாள் காலையில் கண்ணாடி முன்னால் பழங்களும் கொன்றைப்பூவும் வெற்றிலை பாக்கும் நகையும் வைத்துக் கனி காண்பார்கள். வசந்தத்தைத் தட்டில் எடுத்து வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

கனி பார்த்து முடித்த தட்டிலிருந்து சில்லறையும் நகையும் எடுத்துவிட்டு, எலுமிச்சையும் மாங்காயும் மாவிலையுமாக அதை அப்படியே சாப்பாட்டு மேசைக்கு மாற்றினால் அன்றைய விருந்துக்கு அதுவே சென்டர்பீஸ். கொன்றைப்பூ உதிரும் என்பதால் தட்டின் விளிம்பைத் தாண்டாமல் வையுங்கள். அதன் காயும் விதையும் சாப்பிடக் கூடாதவை, சின்னக் குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. மல்லிகையை மேசையில் குவிக்காமல் கூடத்தில் வையுங்கள், ஹயசின்த்துக்குச் சொன்ன அதே காரணம்தான். உருளியில் தண்ணீர் நிரப்பிச் செம்பருத்தியோ அரளியோ மிதக்கவிடுவது பலரும் செய்வது. இதில் அரளி நச்சுச் செடி என்பதால் சாப்பாட்டு மேசைக்கு ஆகாது. செம்பருத்தி, சாமந்தி இதழ், ரோஜா இதழ் எதுவும் சரி. செம்பருத்தி சாயங்காலமானால் சுருங்கிவிடும் என்பதால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் ஏற்றது. உருளித் தண்ணீரை தினமும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டை வைக்கும்.